இன்பராஜின் இடது கன்னம்

மதியச் சோற்று மயக்கத்தில் பார்த்தால், திரையில் மிதக்கும் தலை மூச்சு விடுவதுபோல இருக்கும். சாம்பல் நிற வெறுமையில் மெல்லச் சுற்றும் அந்தத் தலை என் கணவர் இன்பராஜுடையது. வேலூரில் இருக்கும் ஒரு கேம் கம்பெனிக்காக, ஆம்பூரில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் பஸ் கண்டக்டர் ஒருவனைச் செய்துகொண்டிருந்தேன். அவனுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. இவருடையதைக் கேட்டேன்.

"எடுத்துக்கோ. ஆனா பழைய மூஞ்சியா வை," என்றார்.

போன மழைக்காலத்தில் முகவாதம் வந்து இவருக்கு இடது கன்னம் அசையாமல் போனது. அதிலிருந்து வெளியே யாரிடமும் சிரிப்பதில்லை. கல்யாண வீட்டில் போட்டோ எடுத்தால் கைகழுவப் போய்விடுவார். எனக்கு அது பொறுக்க முடியாத கஷ்டம்.

நான் முன்பு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வரைந்தவள். அங்கே ஒரு காலுக்கு வரைந்து திருப்பிப் போட்டால் மறுகால் ரெடி. கைப்பழக்கம் விடுமா? நன்றாக இருந்த வலது பாதியைச் செய்து, அதையே இடது பக்கம் திருப்பி ஒட்டிவிட்டேன். சினிமா ஹீரோ போல ஒருவன் வந்து நின்றான்.

இன்பராஜ் வெகுநேரம் பார்த்தார். "யாரு இது?"

"நீங்கதான். பழைய மூஞ்சி."

"இல்ல ஜாஸ்மின். நான் எப்பவுமே இப்படி இருந்ததில்ல."

உண்மைதான். நோய்க்கு முன்பே இவர் சிரிப்பு ஒரு பக்கம் முந்திக்கொண்டுதான் வரும். முகம் என்ன ஷூவா? என்மேலேயே எரிச்சல் வந்தது. இடது பாதியை அழித்தேன்.

"இப்ப இருக்கற மாதிரியே வைக்கட்டுமா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு, இடது கன்னத்தை என் பக்கம் திருப்பி உட்கார்ந்தார்.

திரையில் முகம் என்பது கட்டங்களால் பின்னிய வலைதான். பார்த்துப் பார்த்துப் பின்னினேன். சின்னச் சின்னக் கட்டங்களாக வலை வளர்ந்தது. கொசுவலைக்குள் படுத்திருப்பதுபோல அதற்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். பஸ் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது.

கம்பெனியிலிருந்து கோதண்டபாணி சார் போன் செய்தார். "கட்டம் ஜாஸ்திம்மா. சாதா போன்ல கேம் நின்னு நின்னு ஓடும். கம்மி பண்ணு."

அசையும் இடத்துக்குத்தான் கட்டங்கள் நெருக்கமாக வேண்டும். அசையாத இடத்துக்குக் கொஞ்சம் போதும். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததில் இது இவருக்கும் பிடிபட்டிருந்தது.

"இடது கன்னத்துல எடுத்துடு. அதுதான் அசையறதே இல்லையே," என்றார். குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிடரியில் எடுத்தேன். காதுக்குப் பின்னால் எடுத்தேன். முடிக்குள் மறையும் உச்சந்தலையில் அள்ளி எடுத்தேன். சார் கேட்ட அளவுக்கு வந்துவிட்டது. இடது கன்னத்தைத் தொடவில்லை.

"சும்மா கெடக்கற எடத்துக்கு இன்னாத்துக்கு இவ்ளோ?"

"அசையும்போது வேணும்ல."

அவர் என் விரலை எடுத்து அந்தக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, சிரிக்க முயற்சி செய்தார்.