தலையில் பட்ட கால்

கோதண்டபாணி வீட்டு கிரில் கேட்டுக்குள் நாற்காலியில் இரண்டு பேர்: கோதண்டபாணி, வேலூரிலிருந்து வந்திருந்த டெக்வாண்டோ மாஸ்டர் டைட்டஸ். கதவோரம் இரண்டு பேர்: கோதண்டபாணியின் மனைவி சம்பூர்ணம், மகள் மோகனா. கேட்டுக்கு வெளியே வெயிலில் இரண்டு பேர்: ஆம்பூர் தோல் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்க்கும் சத்தியநாதன், அவர் மகள் அக்சா. தெருவில் வேடிக்கை பார்த்தவர்கள் கணக்கில் இல்லை.

டைட்டஸ் எந்தத் தெருக்காரர் என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லிக்கொள்வதில்லை. அதனால் நாற்காலி கிடைத்தது.

"கையால அடிச்சிருந்தா வுட்ருப்பேன் மாஸ்டர். கால தூக்கி எம் பொண்ணு தலைமேல வச்சிருக்குது. காலனிப் பொண்ணு காலு."

"ஹெல்மெட் போட்டுதான் சார் ஆடுவாங்க. தலையில பட்டா பாயிண்ட்டு. அதான் ரூலு."

"உங்க ரூலு கொரியாவுல. இது எங்க தெரு."

"ரெண்டு வாட்டி இவ தலைக்கு தண்ணி ஊத்திட்டேன்," என்றாள் சம்பூர்ணம். "மனசே ஆறல."

பெண்கள் பள்ளியில் சனிக்கிழமை வகுப்பு தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. 1997-இல் டவுன் பஸ்ஸில் பெண்களிடம் வம்பு ஜாஸ்தி ஆனபோது, தற்காப்பு சொல்லித்தர வேண்டும் என்று மனு கொடுத்தவரே கோதண்டபாணிதான். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். காலனிப் பையன்களிடமிருந்து மகளைக் காப்பாற்றுவது அவர் கணக்கு. காலனிப் பெண்ணும் அதே வகுப்பில் சேருவாள் என்பது கணக்கில் வரவில்லை. முதல் ஆறு மாதம் மோகனாவுக்கு ஜோடி நிற்க யாரும் கிடைக்காமல் அக்சாதான் நின்றாள். உயரம் ஒன்று, எடை ஒன்று. ஒருத்தி கால் இன்னொருத்தி மேல் படாத சனிக்கிழமை கிடையாது. போன வாரம் பெற்றோரை அழைத்து ஆடிக் காட்டினார்கள். அன்றுதான் அவர் கண்ணில் பட்டது.

"இன்னா சத்தி, வாய தொறக்க மாட்டியா?"

"சின்னப் பொண்ணுங்க. தெரியாம செஞ்சிட்டுதுங்க."

தெரிந்துதான் செய்தேன் என்று அக்சா நினைத்தாள். அந்த உதைக்கு நாலு மாதம் பயிற்சி எடுத்திருந்தாள்.

"சரி. எம் பொண்ணு கால்ல வுழுந்து மன்னிப்பு கேக்கட்டும். இல்லாங்காட்டி ஞாயித்துக்கெழம ஜில்லா செலக்ஷனுக்கு அது பேரு போவாது. மாஸ்டர், லிஸ்ட்டு கையில வச்சிருக்கீங்க இல்ல?"

டைட்டஸ் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வரும் வழியிலேயே அப்பா சொல்லியிருந்தார்: "ஒரு நிமிச வேல. வுழுந்து எழுந்துரு. நான் காலையிலேர்ந்து சாயங்காலம் வரிக்கும் தொட்டியில குனிஞ்சிதான் நிக்கிறேன். இன்னா தேஞ்சா பூட்டேன்?" செருப்பைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். சுண்ணாம்பு தின்ற பாதங்கள் வெளுத்து வெடித்திருந்தன. அக்சா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வருமென்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கால் மரத்துப்போனது போல உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

கோதண்டபாணி கேட்டைத் திறந்து மோகனாவை வாசற்படியில் நிறுத்தினார்.

"ம்... ஆவட்டும்."

அக்சா நாலு எட்டு முன்னே போனாள். ஆட்டத்தில் நிற்கும் அதே தூரத்தில் நின்றாள். குதிகால்களைச் சேர்த்தாள். இரண்டு கைகளும் தொடையோடு ஒட்டின. இடுப்பிலிருந்து குனிந்தாள். எதிராளிக்குச் செய்யும் வணக்கம். அதற்குக் கீழே அவள் தலை போகவில்லை.

மோகனாவின் குதிகால்களும் சேர்ந்தன. கைகள் தாவணியோடு ஒட்டின. யோசிக்க நேரமில்லை, ஒன்றரை வருடப் பழக்கம் உடம்பில் இருந்தது. அவளும் குனிந்தாள். அக்சா குனிந்த அளவுக்கே.

எவனோ தெருவில் சிரித்தான். "தோடா, பெரிய வூட்டுப் பொண்ணு கும்புடுது!"

கோதண்டபாணியின் முகம் கறுத்தது. "மாஸ்டர், ரெண்டு பேரையும் அடிங்க."

டைட்டஸ் லிஸ்ட்டை எடுத்தார். பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து இரண்டு பெயர்களையும் அடித்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. சத்தியநாதன் "வாம்மா, போலாம்" என்றார். அக்சா நகரவில்லை.

"உள்ள வாடி." கோதண்டபாணி மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

மணிக்கட்டைப் பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் முதல் வாரப் பாடம். பிடித்தவனின் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி வெடுக்கென்று உருவ வேண்டும். மோகனா திருப்பினாள். உருவினாள். சுத்தமாக வந்துவிட்டது. கோதண்டபாணி தன் வெறும் கையையே பார்த்தார். மாஸ்டரும் பார்த்தார்.

விடுபட்டதும் ஓட வேண்டும். பாடத்தின் மறுபாதி அது. மோகனா தெருவின் இந்த முனையைப் பார்த்தாள், அந்த முனையைப் பார்த்தாள், கடைசியில் அக்சாவைப் பார்த்தாள். பிறகு யாரும் தொடாமல், தானாகவே நடந்து வீட்டுக்குள் போனாள்.

சம்பூர்ணம் அவள் பின்னால் கதவைச் சாத்தினாள். கோதண்டபாணி வெளியே பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்தார்.