மேடையில் தண்ணீர் குடிக்காதவர்

1

வாசகத் தோழர்களே! இந்தக் கதை காந்திபுரத்தில் ஒரு பல் மருத்துவரின் சாய்வு நாற்காலியில் பிறந்தது. வாயை அகலத் திறந்தும் ஒரு சொல்கூடப் பேச இயலாத இடம் அது. பேசிப் பிழைக்கும் எனக்கு அதைவிடக் கொடிய சிறை வேறில்லை. அந்தச் சிறையில் கிடந்தபடி, திருமூர்த்தி என்னும் மேடைப் பேச்சாளரைப் புனைந்தேன்.

முதல் தொடக்கம்: 'ஐம்பத்திரண்டு வயதில் திருமூர்த்தியின் ஈறுகள் கொள்கையைக் கைவிட்டுப் பின்வாங்கின. அப்போது வானம்'

(ஈறுக்கும் வானத்துக்கும் என்ன உறவு? நிறுத்திவிட்டேன்.)

2

திருமூர்த்தி மூடநம்பிக்கைகளைச் சாடியே முடி நரைத்தவர். அவருக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது: மேடையில் தண்ணீர் குடிப்பவன் பேச்சாளனே அல்லன்! தொண்டை வறண்டால் பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொள்வார். இரத்த அழுத்த மாத்திரை தொடங்கியபின் வாய் எந்நேரமும் வறண்டது. கற்கண்டும் எந்நேரமும் அங்கே குடியிருந்தது.

பல் மருத்துவர் இளவேனில்* கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"ஏனுங்ணா, பல்லு வெளக்கறீங்களா, அண்டா வெளக்கறீங்களா? ஈறு வெலகி வேரு தெரியுதுங்க."

"அழுக்கை அழுத்தித்தானுங்க அம்மணி எடுக்கோணும்!"

"எளவட்டத்துல ஈறு தாங்குச்சுங்க. இனி மெத்துன்னு இருக்கற பிரஷ்ல மெதுவா வெளக்குங்க. முக்கியமா, கல்கண்டை உட்டுப்போட்டு அடிக்கடி தண்ணி குடிங்க. எச்சி ஊறாத வாயில சக்கரை நின்னா வேரு சொத்தையாயிருமுங்க. முன்பல்லு ரெண்டுல ஆரம்பிச்சிருச்சு. இப்படியே போனா ரெண்டும் நிக்காதுங்க."

"மேடையிலயுமா தண்ணி?"

"அங்கதானுங்க அதிகமாக் காயும்."

முன்பல் போனால் 'சமத்துவம்' என்று முழங்கும்போது சீட்டியொலி கிளம்பும். திருமூர்த்தி நாற்காலியில் கிடந்தபடியே அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

* மருத்துவர் எந்த ஊர், என்ன குலம் என்று கேட்கத் துடிக்கும் வாசகருக்கு: அவர் கையுறை அணிந்திருந்தார். அது போதும்.

3

'அன்றே அவர் திருந்தினார்' என்று எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, அவருடைய மனைவி மாசாணியம்மாளை அழைத்தேன்.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் பழசை உடுங்கன்னு கத்தறீங்க. ஒரு கல்கண்டை உட முடியலீங்களா?"

"அது மேடை மரபு, புள்ளே."

"மரபா? மரபுன்னு சொல்றவங்களைத்தானே தெனமும் மேடையில திட்டறீங்க!"

இந்த அம்மையாரை முதல் வரியிலேயே அழைத்திருக்க வேண்டும்.

4

காரமடைக் கூட்டம். முன்வரிசையில் சக பேச்சாளர் பங்காரு. மேடையில் தண்ணீர் குடித்தவரை ஆண்டு முழுதும் கேலி செய்பவர். பேச்சின் உச்சியில் திருமூர்த்தியின் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேசையில் மாசாணியம்மாள் வைத்த தண்ணீர் பாட்டில். சட்டைப்பையில் கற்கண்டு.

"என்னுங்க, டேங்க் காலியா?" என்றார் பங்காரு. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

முடிவு ஒன்று: கற்கண்டு. கைதட்டல். அடுத்த ஆண்டு, பல் போன வாயில் சீட்டி.

முடிவு இரண்டு: தண்ணீரைக் குடித்து, 'இதுவே புரட்சி' என்று

(ஒரு மிடறு தண்ணீரைப் புரட்சி என்பதா? கூச்சமாயிருக்கிறது.)

திருமூர்த்தியின் கை மேசைக்கும் சட்டைப்பைக்கும் நடுவில் நிற்கிறது. நான் அதை நகர்த்தப் போவதில்லை. பங்காருவின் பக்கத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். திருமூர்த்தி பாட்டிலைத் தொட்டால் சிரிப்பீர்களா, மாட்டீர்களா? அதைச் சொல்லுங்கள், கை தானாக நகரும்.