சிவப்பு வார்

அப்போது வார் இறுகியிருந்ததா, தளர்ந்திருந்ததா... கழற்றச் சொன்னேனே, நானேதான் சொன்னேன், உதவிக்கு நின்ற கிளீட்டஸ் தலையை ஆட்டினானே, ஆட்டினவன் கழற்றினானா, கழற்றியதைப் பார்த்தேனா, பார்த்தது இந்தச் சனிக்கிழமையா இல்லை போன சனிக்கிழமையா, ஒரே வேலையை நாற்பது தடவை செய்தால் நாற்பதும் சேர்ந்து ஒரே தடவையாகிவிடுகிறது... உபதேசியார் மைக்கில் எழுந்து நிற்கச் சொன்னார், கோயிலே எழுந்தது, ஜெமியும் எழுந்தாள். முன்னால் சித்தி மகள் அபினா வெள்ளைச் சேலையில் நிற்கிறாள், பக்கத்தில் மாப்பிள்ளை, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான், பாவம், அவனுக்கு இருக்கிற பயம் தாலி கட்டினால் தீர்ந்துவிடும். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து ஐம்பது. முதல் இறக்கம் பத்து நாற்பத்தைந்துக்கு. முடிந்திருக்கும். நல்லபடியாகத்தான் முடிந்திருக்கும், முதல் இறக்கத்தில் ஒன்றும் ஆகாது, அது மெதுவான இறக்கம். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள், உள்ளங்கை இரண்டும் ஈரமாயிருந்தன. பயணக் களைப்பு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், சனிக்கிழமை சாயங்காலம் ஏறிய ரயில், நேற்றுக் காலை கண்ணூர் தாண்டும்போது எதிர் இருக்கைக்காரர் ஜன்னல் ஷட்டரை இறக்கினார், அப்போதே வயிற்றைப் புரட்டியது, பசி என்று டீயும் பழம்பொரியும் வாங்கித் தின்றாள், நாகர்கோவிலில் இறங்கி, வடசேரியில் பஸ் பிடித்து, வீடு வந்து சேரும்வரை அந்தப் புரட்டல் நிற்கவேயில்லை.

கடற்படைக்காகப் புதிதாக ஒரு போர் விமானம் செய்கிறார்கள், அதன் வாலுக்கடியில் தொங்குகிற கொக்கிக்கு ஜெமி பொறுப்பு. ஊரில் கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லி மாளாது. கப்பலின் மேல்தளம் விமானம் இறங்கப் போதாது, அதனால் குறுக்கே இரும்புக் கயிறு கட்டியிருப்பார்கள், கொக்கி கயிற்றில் மாட்டும், விமானம் நிற்கும், அவ்வளவுதான். கப்பலுக்குப் போகுமுன் கரையில் ஓர் ஓடுபாதையில் கயிறு கட்டிப் பழகிப் பார்க்கிறார்கள். இன்றைக்கு மூன்று இறக்கம், ஒவ்வொன்றும் முந்தினதைவிட வேகம். கொக்கியின் தண்டில் தபால்தலை அளவுக்கு ஒரு பட்டையை ஒட்டியிருக்கிறாள், எத்தனை டன் இழுவை விழுகிறது என்று கட்டுப்பாட்டு அறைத் திரையில் அது சொல்லும். இருபத்தெட்டு டன்னில் சிவப்புக் கோடு. அதைத் தொட்டால் அன்றைக்கு அதோடு சரி, கொக்கியைக் கழற்றி விரிசல் பார்க்காமல் அடுத்த இறக்கம் கிடையாது. கயிற்றில் மாட்டாமல் தவறிப்போனால் பயமில்லை, தரையைத் தொட்டதுமே விமானி என்ஜினை முழு வேகத்தில் வைத்திருப்பார், அப்படியே எழும்பிப் போய்விடலாம். மாட்டி, பாதி வேகம் குறைந்த பிறகு தண்டு முறிந்தால்தான்... எழும்பவும் வேகம் பற்றாது, நிற்கவும் பாதை பற்றாது, பாதை முடிகிற இடத்தில் கருங்கல், அதற்கப்புறம் கடல். விமானி கமாண்டர் தேவ்ரத், ஆளைப் பார்த்தால் போர் விமானம் ஓட்டுகிறவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், எதைத் தின்றாலும் மேல்சட்டையில் சிந்துகிறவர், போன வருடம் அவள் கொண்டுபோன முந்திரிக்கொத்தில் பதினோரு எண்ணம் தின்றவர், இந்தத் தடவையும் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அம்மா நேற்றே டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டாள்.

சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கினார், ஆதாமிலிருந்து. ஆதாமிலிருந்து தொடங்கினால் அபினாவுக்கு வந்து சேர அரை மணி நேரமாகும் என்று ஊருக்கே தெரியும், பெஞ்சுக்குப் பெஞ்சு மெல்லப் பேச்சு கிளம்பியது. ஜெமியின் அம்மா ஞானசெல்வி, புதுக்கடைச் சந்தையில் இருபத்தாறு வருடமாக மீன் விற்கிறவள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்த சித்தியின் காதுக்குள் குனிந்தாள். "கடப்புறத்துல கணவா எடுக்க வாற ராஜபாய் நேத்து என்ன செய்தான் தெரியுமா? தராசுத் தட்டுல கல்லை வச்சுக்கிட்டு சைபர் அமுக்கியிருக்கான். பெறவு கல்லை எடுத்துட்டான். நான் போய் பாக்கேன், தட்டு சும்மா கெடக்கு, மைனஸ் இருநூறு காட்டுது. வெயிலுக்கு அப்பிடித்தான் காட்டும் அக்காங்கான் எங்கிட்ட." சித்தி வாயைப் பொத்திக்கொண்டு, "நீ என்ன சொன்னே?" என்றாள். "தராசுக்கு ஏதுலே வெயிலும் மழையும், சும்மா கெடக்கப்பம் மைனஸ் காட்டிச்சின்னா அதுல என்னமோ இருந்து எடுத்திருக்கே, இனி என்னத்த வச்சாலும் அவ்வளவு கொறச்சுத்தான் காட்டும்னேன்."

ஜெமிக்குக் காது அடைத்தது. வெயிலுக்கு அப்படித்தான் காட்டும்... இதை நான் சொல்லியிருக்கிறேனே, இதே வார்த்தையை, நேசையண்ணனிடம். மார்த்தாண்டத்துக்காரர், கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு முன்னால் உட்காருகிறவர், அந்தக் கடற்படைத் தளத்திலேயே அவளோடு ஊர்த் தமிழ் பேச இருக்கிற ஒரே ஆள். சனிக்கிழமை மத்தியானம், வாசலில் கார் நிற்கிறது, ரயிலுக்கு நேரமாகிறது, சோதனைக்காகச் சிவப்பு வாரைக் கொக்கியில் மாட்டி மூன்று டன்னுக்கு இழுத்து, திரையும் மூன்று காட்டி, எல்லாம் ஒழுங்காக முடிந்து, வாரைத் தளர்த்தி, பட்டையின் கணக்கைப் பூஜ்யமாக்கி... அப்போது கரண்ட் போயிற்று. போய் வந்தது. எல்லாவற்றையும் இரண்டாம் தடவை செய்தாள், வாரை இழுத்தாயிற்று, மூன்று காட்டிற்று, பிறகு பூஜ்யம் அமுக்கினாள், கையெழுத்துப் போட்டாள், ஓடினாள். போகிற போக்கில் தோளுக்கு மேலாகத் திரும்பி, அண்ணே, திரையில அந்தக் கொக்கிச் சேனல் வெயில்ல கொஞ்சம் மைனஸ் காட்டும், கண்டுக்காதீங்க என்றாள். நடுவில் வாரைத் தளர்த்தினார்களா? இறுகின வாரோடு பூஜ்யம் அமுக்கியிருந்தால், பிறகு அவிழ்த்தவுடன் மைனஸ் மூன்று காட்டும், கண்டுக்காதே என்று நானே சொல்லிவிட்டேன், அவரும் கண்டுகொள்ள மாட்டார், திரையில் இருபத்தாறு என்று வந்தால் அது உண்மையில் இருபத்தொன்பது... படித்த படிப்பென்ன, பட்டமென்ன, மீன் விற்கிறவள் ஒரு நொடியில் கண்டுபிடிக்கிற திருட்டை நான் தெரியாமலே செய்துவிட்டு வந்திருக்கிறேன். இல்லை, செய்திருக்க மாட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கிளீட்டஸ் தளர்த்தியிருப்பான், அவன் நல்ல வேலைக்காரன்... காரில் கால் வைத்தபோது பின்னால் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டதே, அது என்ன சத்தம்? வாரின் பல்சக்கரம் அவிழும்போது அப்படித்தான் கேட்கும். ஷெட்டுக் கதவை இழுத்தாலும் அப்படித்தான் கேட்கும். மாதாவே, அது கதவாக இருக்கட்டும்.

மணி பதினொன்று பதினெட்டு. இரண்டாவது இறக்கம் பதினொன்று இருபதுக்கு. போய் போன் பண்ண வேண்டியதுதானே, எழுந்தால் ஐந்து எட்டில் வாசல். என்ன சொல்வது? வார் இறுகியிருந்தது என்றா, இறுகியிருந்ததோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றா? போன வருடம் ஓடுபாதையில் விமானம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது திரையில் ஒரு துள்ளலைப் பார்த்து நிறுத்து நிறுத்து என்று கத்தியவள் அவள், தேவ்ரத் பிரேக்கை மிதித்து இரண்டு டயரும் வெடித்தன, மூன்று மாதம் வேலை நின்றது, கடைசியில் பார்த்தால் ஒரு ஒயர் லூஸ். யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூட மறந்திருப்பாள், சிரித்தார்கள். ஜெமி தும்மினால் விமானம் நின்றுவிடும் என்று கேன்டீன்காரர் வரைக்கும் சொன்னார்கள். இன்றைக்கு அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்து பார்க்கிறார்கள், கல்யாண வீட்டிலிருந்து போன் பண்ணி மறுபடியும் புலி வருது என்றால்... வரவில்லை என்றால்? அதற்கப்புறம் யார் அவள் பேச்சைக் கேட்பார்கள்? வந்துவிட்டது என்றால்? மேல்சட்டையில் முந்திரிக்கொத்துத் துகளோடு நிற்கிற அந்த மனுஷன், கருங்கல், கடல். அவளுக்குப் பயமாக இருந்தது, விமானம் விழும் என்றும் பயம், விழாது என்றும் பயம், இப்படியொரு கேவலமான பயம் தனக்குள் இருப்பதைக் கண்டு அதைவிடப் பயம். மணி பதினொன்று இருபத்து நான்கு. இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவது ஐம்பதுக்கு. சாமியார் ஈசாக்கின் கல்யாணம் வரைக்கும் வந்திருந்தார்.

எப்படி எழுந்தாள் என்று தெரியவில்லை, முழங்கால்தான் முதலில் முடிவெடுத்தது. பிரசங்கம் முடிந்து எல்லோரும் எழுந்து நிற்க, மணமக்கள் வலதுகையைச் சேர்த்துப் பிடிக்கிற நேரம். அம்மா முந்தானையைப் பிடித்தாள். "ஏட்டி, எங்க போற? தாலி கெட்டப் போறாவ." "இப்பம் வாறேன்மா." "மன்றாட்டு வாசிக்க ஒன் பேரையில்லா குடுத்திருக்கு? கூப்புடும்போ ஆளில்லன்னா சித்தி மொகத்துல எப்பிடி முழிப்பேன்?" "வேற ஆள வாசிக்கச் சொல்லு." "வயிறு சரியில்லியா?" என்று அம்மாவின் குரல் சட்டென்று இறங்கியது, ஜெமி ஆமாம் என்று தலையாட்டினாள், பொய்யுமில்லை. பெஞ்சிலிருந்து முட்டிகளைத் தாண்டித் தாண்டி வெளியே வரும்போது அபினா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு பதில் சொல்லிக்கொள்ளலாம்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது, ஒலிபெருக்கிக் குழாயில் உள்ளே நடக்கிறதெல்லாம் கடற்கரை முழுக்கக் கேட்டது. போனை உயிர்ப்பித்தாள். காலையில் உபதேசியார் அணைக்கச் சொல்லுமுன்பே, கோயிலுக்கு முன்னால் சிலுவை நிற்கிற குருசடியைத் தாண்டும்போதே அவள் அணைத்துவிட்டிருந்தாள். அது விழித்து, வணக்கம் சொல்லி, சிக்னல் தேடுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. நேசையண்ணன் எண் மணியடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை, எப்படி எடுப்பார், அறைக்குள் போகுமுன் எல்லோரும் போனை வாசல் அலமாரியில் வைத்துவிட்டுத்தானே போக வேண்டும், இதுகூட மறந்துவிட்டதா... டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். எண் இருக்கிறது. எடுத்தார்கள். அறையின் பெயரைச் சொன்னாள், காத்திருக்கச் சொன்னார்கள், காதில் ஒரு பாட்டைப் போட்டார்கள், பாட்டு ஓடியது, இந்தப் பக்கம் குழாயில் மாப்பிள்ளை இன்பத்திலும் துன்பத்திலும் என்று தடுமாறித் தடுமாறிச் சொல்லிக்கொண்டிருந்தான். பதினொன்று நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்கு.

"யாரு?" "அண்ணே, ஜெமியாக்கும்." "என்ன மக்கா, கெட்டு முடிஞ்சா?" "எத்தன ஆச்சுண்ணே?" "ரெண்டு ஆச்சு, சூப்பராட்டு ஆச்சு. மூணாவதுக்குச் சுத்திக்கிட்டு வாறாரு." "கொக்கிச் சேனல் சும்மா இருக்கப்பம் என்ன காட்டுது?" "மைனஸ் ரெண்டு எட்டு. வெயிலுக்குக் காட்டும், கண்டுக்காதீங்கன்னு நீதான சொன்னே?" "ரெண்டாவதுல எவ்வளவு வந்துச்சு?" "இருபத்தாறு மூணு." இருபத்தாறு மூன்றும் இரண்டு எட்டும்... அவள் கூட்டுமுன்பே அந்தப் பக்கம் அவரும் கூட்டிவிட்டார். "அண்ணே, வாரோட சைபர் அமுக்கிட்டேன். நிப்பாட்டுங்க." "உறுதியாட்டு சொல்லுதியா? போன வருசம் மாதிரி..." "நிப்பாட்டுங்கண்ணே!" குருசடிப் பக்கம் நின்ற பந்தல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போன் மேசையில் விழுகிற சத்தம், பிறகு அவருடைய இன்னொரு குரல், ஆங்கிலக் குரல், சோதனையை நிறுத்து என்பதற்கு அங்கே சொல்கிற வார்த்தை, நாக் இட் ஆஃப், நாக் இட் ஆஃப், நாக் இட் ஆஃப், அப்புறம் கரகரப்பாகத் தேவ்ரத், கொக்கியை ஏற்றிவிட்டேன், பெரிய ஓடுபாதைக்குப் போகிறேன், சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக நிறுத்துகிறீர்கள் என்று. சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஜெமி குருசடித் திட்டில் உட்கார்ந்தாள். நேசையண்ணன் திரும்பி வந்தார், குரல் தணிந்திருந்தது. "எறங்கிட்டாரு மக்கா, பத்திரமாட்டு எறங்கிட்டாரு. கொக்கியக் கழத்தச் சொல்லியாச்சு. இருபத்தொம்பது ஒண்ணுல்லா வாங்கியிருக்கு, இன்னொண்ணு தாங்குமா தாங்காதான்னு கர்த்தருக்குத்தான் தெரியும். நீ பேசாம கல்யாணத்தப் பாரு." பிறகு, "நான் அறிக்க எழுதணும். எப்பம் ஓர்மை வந்துச்சு ஒனக்கு?" என்றார். "இப்பந்தாண்ணே. பூசையில இருக்கப்பம். அம்மா ஒரு காரியம் சொன்னா, அதுலதான்." "அம்மைக்கு ஒரு கும்பிடு போடு," என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

குழாயில் மன்றாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவள் இடத்தில் யாரோ ஒரு பெண் வாசித்தாள், கடலில் தொழில் செய்கிறவர்களுக்காகவும் பயணத்தில் இருப்பவர்களுக்காகவும், எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று கோயில் முழுக்கப் பதில் சொன்னது. பிழைத்துவிட்டார், அவர் பிழைத்துவிட்டார், இன்னும் ஏன் வயிறு புரள்கிறது... மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம், கனத்தைத்தான் இப்போது இறக்கி வைத்தாயிற்றே. போனைப் பைக்குள் போடுமுன் ஒரு தடவை பார்த்தாள். திரையில் அழைத்த எண்களின் வரிசை, மேலே எக்ஸ்சேஞ்ச், அதன்கீழ் நேசையண்ணன், இன்று, பதினொன்று நாற்பது. அதன்கீழும் நேசையண்ணன். நேற்று, ஏழு ஐம்பத்திரண்டு. மணியடிக்குமுன் துண்டித்தது. கண்ணூர்... எதிர் இருக்கைக்காரர் ஷட்டரை இறக்குகிறார், வார் அவிழ்கிற அதே சத்தத்தோடு கடகடவென்று இறங்குகிறது, அவள் விரல் போனில் பெயரைத் தேடிப் போகிறது, அமுக்குகிறது, என்ன சொல்வது என்று யோசிக்கிறது, துண்டிக்கிறது, ஜன்னலுக்கு வெளியே ஒருவன் பழம்பொரி பழம்பொரி என்று போகிறான். அப்போதே தெரியும். நேற்றுக் காலையிலிருந்தே அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் தின்றாள், தெரிந்துதான் குருசடி தாண்டும்போதே போனை அணைத்தாள். அம்மா அந்தத் தராசைப் பற்றிப் பேசாமலிருந்திருந்தால்... உள்ளே கைதட்டினார்கள், அபினாவுக்குத் தாலி ஏறியதற்கு இப்போதுதான் சாமியார் தட்டச் சொன்னார் போலிருக்கிறது, அம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "இப்பம் எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். பரவாயில்லை என்றாள் ஜெமி.