காலி நாற்காலியின் வோட்டு

"வோட்டு எடுங்க சார்" என்றேன்.

கட்சியில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள், இதை மட்டும் கேட்காதே என்று. நிறுவனர் இறந்த பிறகு இங்கே வோட்டெடுப்பே கிடையாது. கூட்டத்தில் அவருடைய நாற்காலி காலியாக இருக்கும், முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர். தண்ணீர் வைப்பது என் வேலை. தலைவர் ரங்கராஜன் நாற்காலியைப் பார்த்து, "அவர் இருந்தா இதைத்தான் சொல்லியிருப்பார்" என்பார். அதுவே தீர்மானம்.

தனிமனித சுதந்திரம் பேசும் கட்சி! ஐம்பது வருஷத்துக்கு முன்னால், சாதி மாறிக் கல்யாணம் செய்த ஒரு ஜோடிக்குப் பதிவாளர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட நிறுவனரும் இன்னும் இரண்டு பேரும் ஆரம்பித்தது. யாரோடு வாழ்வது என்பதை ஊர் முடிவு செய்யாது. கொள்கை அறிக்கையின் முதல் வரி.

இன்று பதினோரு மணிக்கு ப்ரீதிக்கும் தேஜஸுக்கும் பதிவு. மூன்றாவது சாட்சி பயந்து கழன்றுகொண்டான். அந்தக் கையெழுத்தைக் கட்சி போட வேண்டும் என்பதுதான் நான் கொண்டுவந்த தீர்மானம். இருவரும் கீழே ஆட்டோவில் காத்திருந்தார்கள்.

"அரே அகல்யா, கார்ப்பரேஷன் எலெக்‌ஷன் முடியட்டும். பத்தே நாள். ப்ரீதி அப்பா பின்னாடி ஒரு ஹவுசிங் சொசைட்டி வோட்டே இருக்கு, தெரியுமோ?" என்றார் ரங்கராஜன்.

"போன எலெக்‌ஷனுக்கும் பத்து நாள்னுதான் சார் சொன்னீங்க."

போன தடவை இதே போலச் சாட்சி கேட்டு வந்தவள் வைஜயந்தி. ரங்கராஜன் சொன்ன பத்து நாளை அவளிடம் போய்ச் சொன்னது நான். அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனாள். நாலாம் நாள் வீட்டார் அவளை எங்கோ கொண்டுபோனார்கள். இன்றுவரை தகவல் இல்லை. அதிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் டம்ளரில் ஒரு வாய் குறைகிறது. ஃபேன் காற்று என்பார் பொருளாளர் பட்டு மாமி.

"டிகிரி வாங்கினதும் வாய் நீண்டுடுத்துடி உனக்கு" என்றார் மாமி.

"நீளும் மாமி. தேஹு ரோடு மிலிட்டரி டிப்போல எங்கப்பா பெட்டி தூக்கி வாங்கிக் குடுத்த டிகிரி. கை தூக்குங்க."

என் கை மட்டும் உயர்ந்தது. மாமி மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வோட்டு எதிர்ப்பு. அவரோடதும்" என்று ரங்கராஜன் நாற்காலியைக் காட்டினார்.

டம்ளரைப் பார்த்தேன். விளிம்புவரை ஊற்றியிருந்தேன். பாதிதான் இருந்தது. ஃபேன் ஓடவில்லை.

"அதுல உக்காந்திருக்கிறது அவர் இல்ல சார்."

மாமி சட்டென்று தன் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

உறுப்பினர் அட்டையை டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். சாட்சிக்கு வேண்டிய என் ஆதார் நகலும் போட்டோவும் காலையிலேயே பைக்குள் போட்டாகிவிட்டது. கதவைத் திறந்து படியில் இறங்கினேன்.