ஜாஸ்மின் மாட்டிய சிவப்புத் தகடு

ஜாஸ்மினின் நிழல் ஒரு பேருந்துப் பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறது. ஜாஸ்மின் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருக்கிறாள். இருவரும் இரண்டு இடங்களில் வேலைக்குப் போகத் தொடங்கி இது பதினைந்தாவது வருடம். பணிமனை எந்த ஊரில் என்று எழுதப்போவதில்லை. வேலூரைச் சுற்றி பஸ்கள் வந்து நிற்கிற இடங்களில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும். பெயரைச் சொன்னால் அங்கே ஒழுங்காக வேலை பார்க்கிற நாலு பேருக்குத்தான் சங்கடம். நிழலைப் பார்க்க என்று யாரும் அங்கே மெனக்கெட்டுப் போவதுமில்லை. பஸ் பாஸ் எடுக்கப் போகிறவர்கள் போகிற போக்கில் பார்த்துவிட்டு, கவுன்ட்டரில் சில்லறை இல்லை என்று சொன்னதைப் பற்றித்தான் வீட்டில் வந்து பேசுகிறார்கள்.

ஜாஸ்மினின் அப்பா ஜான்சன் பேரணாம்பட்டில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். விரல் நகங்கள் எல்லாம் போய், நகம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு காய்ப்பு மட்டும் இருந்தது. ஒரே மகள் எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போகட்டும், தோல் மட்டும் தொடக் கூடாது என்பது அவருக்கிருந்த ஒரே வைராக்கியம். அவள் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தாள். வகுப்பில் நாற்பது பையன்கள், இரண்டு பெண்கள். முடித்ததும் பணிமனையில் ஒரு வருட அப்ரன்டிஸாக எடுத்தார்கள். அரசு முத்திரை போட்ட அந்தக் கடிதத்தை ஜான்சன் சர்ச்சுக்குக் கொண்டுபோய்ப் பாதிரியார் கையால் தொடவைத்தார். ஒரு வருடம் முடிந்தால் வேலை நிச்சயம் என்று கடிதத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதாததை எல்லோரும் படித்தார்கள், அவ்வளவுதான்.

அந்த வருடத்தைப் போல ஒரு வருடம் ஜாஸ்மினுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதிலிருந்து ஆரம்பித்து, ஹாரன், பிரேக் லைட், செல்ஃப் மோட்டார் என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. கருகின ஒயரை மோந்து பார்த்தே பஸ்ஸில் எந்த இடத்துக் கோளாறு என்று சொல்லிவிடுவாள். ஷெட்டில் அவர்களை வேலை வாங்கிய சார்ஜ்மேன் கன்னியப்பன் யாரையும் பாராட்டுகிற ஜாதி இல்லை. அவரே ஒருநாள் டீக்கடையில், "அந்தப் பொண்ணு தொட்ட வண்டி திரும்பி வர்றதில்ல" என்று சொன்னதாகக் கேள்வி. அவர் எல்லா அப்ரன்டிஸ்களுக்கும் முதல் நாளே சொல்வது ஒரே ஒரு விதி. வண்டிக்கடியில் போகிறவன் பேட்டரி சுவிட்சை அணைத்துவிட்டு, அதன்மேல் சிவப்புத் தகடு மாட்ட வேண்டும். 'வேலை நடக்கிறது, தொடாதே' என்று தகட்டில் எழுதியிருக்கும். கீழே பெயின்டால் அவரவர் பெயர். மாட்டியவர்தான் எடுக்க வேண்டும். மானேஜரே வந்தாலும் அடுத்தவர் தகட்டைத் தொடக் கூடாது. யாரோ ஒருவர் தொட்டதால் வண்டி ஸ்டார்ட் ஆகி, கன்னியப்பனின் தோஸ்த் ஒருவருக்கு மூன்று விரல் இன்ஜின் ஃபேனில் போனது. அந்தக் கதையைச் சொல்லாமல் அவர் யாருக்கும் ஸ்பேனர் கொடுத்ததில்லை.

2011 மார்ச் முப்பத்தொன்றாம் தேதி, அப்ரன்டிஸ் வருடத்தின் கடைசி நாள், ஜாஸ்மின் பேரணாம்பட்டு வண்டி ஒன்றின் ஹெட்லைட் ஒயரிங்கில் பாதியில் இருந்தபோது கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். போனாள். போட்டோ எடுத்தார்கள். ஒரு பேனாவும் சான்றிதழும் கொடுத்தார்கள். யூனிஃபார்ம், அடையாள அட்டை, டெஸ்டர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் ஸ்டோரில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினாள். ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியலில் சிவப்புத் தகடு இல்லாததால் அது அவள் நினைவுக்கு வரவில்லை. அழுகை வந்துவிடுமோ என்கிற பயத்தில் வேகமாகக் கேட்டைத் தாண்டினாள். தகடு வண்டியில் தொங்கியது. மறுநாள் காலை கன்னியப்பன் வந்து பார்த்தபோது, ரெட்டைச் சடை போட்ட ஒரு நிழல் வண்டி முன்னால் குந்தி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தது. நிழல் எப்படி ஸ்பேனர் பிடிக்கும் என்று கேட்டால், பிடித்தது என்பதுதான் பதில். தகடு மாட்டியிருக்கும்வரை வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம், அது விதிப்படிதான் இருக்கிறது என்று கன்னியப்பன் டீ குடிக்கப் போய்விட்டார்.

வீட்டில் அதை முதலில் கண்டுபிடித்தவள் அம்மா அமிர்தவள்ளி. கொடியில் துணி காயப்போட்டபோது தரையில் புடவையின் நிழல் விழுந்தது, பிடித்துக்கொண்டிருந்த மகளின் நிழல் விழவில்லை. "இன்னாடி, எங்க போட்டுட்டு வந்த?" என்று குடையைத் தொலைத்தவளைக் கேட்பதுபோலக் கேட்டாள். ஜாஸ்மின் யோசித்தாள். தகடு நினைவுக்கு வந்தது. ஓடினாள். கேட்டில் செக்யூரிட்டி விடவில்லை. நேற்றுவரை அவள் கொண்டுவந்த புளிசாதத்தில் பங்கு தின்றவர்தான், ஆனாலும் இன்று அவளிடம் அடையாள அட்டை இல்லை. கன்னியப்பன் கேட்டுக்கு வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்.

"எடுத்துக்கினு போறதுன்னா சொல்லு, உள்ள விடச் சொல்றேன். ஆனா ஒண்ணு யோசி. ஆள் எடுக்கறப்போ யாரை மொதல்ல கூப்புடுவான்? உள்ள இருக்கறவனைத்தான?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கும் அது சரியாகவே பட்டது. நிழலை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். ஆள் எடுக்கிறவரை சும்மா இருக்க வேண்டாமே என்று ஷூ கம்பெனி வேனில் ஏறினாள். ஜான்சன் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள், "ஆறு மாசம்தான?" என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

நிழல் நன்றாக வேலை செய்தது. காலையில் நீளமாக வந்து சேர்ந்தது. உச்சிவெயிலில் சுருங்கிச் சின்னதாகி, பெரிய கை நுழையாத இடங்களில் புகுந்து பேட்டரி வேலைகளை முடித்தது. சாயங்காலம் மறுபடி நீண்டு, ஏணி இல்லாமலே பஸ் உச்சியில் பெயர்ப்பலகை லைட்டை மாற்றியது. மேகமான நாட்களில் மங்கலாகி வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும். மழைக்காலத்தில் நாலு வண்டி தேங்கும். மற்றபடி குறை சொல்ல முடியாது. அதற்குச் சம்பளம் இல்லை, லீவு இல்லை, சங்கம் இல்லை. களைப்பு மட்டும் ஜாஸ்மினுக்கு வந்தது. கம்பெனியில் தைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் விரல் நுனிகள் கறுக்கும், வெள்ளைத் தோலில் கிரீஸ் கறை படியும், சூப்பர்வைசர் கத்துவான். பக்கத்து மிஷின் இஃப்ரா ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "உன் அங்கத்திய வேலை இன்னிக்கு ஜாஸ்தி போல" என்பாள். நிழல் இல்லாதவளுக்கு வெயிலும் கொஞ்சம் கூடுதலாகத்தான் உறைத்தது.

பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு வீட்டாரும் வாசலில் அவளுக்கு நிழல் இல்லாததைக் கவனித்தார்கள், காரணம் கேட்டார்கள், அமிர்தவள்ளி ஒளிக்காமல் சொன்னாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அரசாங்க இடத்தில்தானே இருக்கிறது என்று சந்தோஷமாகக்கூடத் தலையாட்டினார்கள். பிறகு, பர்மனென்டா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் காபியை முடித்துவிட்டு எழுந்தார்கள்.

கன்னியப்பன் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. அடுத்து இரண்டு எலக்ட்ரீஷியன்கள் ஓய்வு பெற்றார்கள். அவர்கள் இடத்துக்கும் ஆள் போடவில்லை. மாதாமாதம் மேலிடத்துக்குப் போகிற படிவத்தில் 'நிலுவையில் உள்ள மின்பணிகள்' என்று ஒரு கட்டம் உண்டு. இந்தப் பணிமனை அதில் 'இல்லை' என்று எழுதியது. வேலை தேங்காத இடத்துக்கு யார் ஆள் கொடுப்பார்கள்? ஓய்வு பெற்ற கன்னியப்பனை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோதுதான் ஜாஸ்மினுக்கு இது தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். வேலைக்காக அவள் உள்ளே விட்டுவைத்த நிழல்தான் அந்த வேலையைத் தின்றுகொண்டிருந்தது. ஜாஸ்மின் அங்கேயே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவள் போக வேண்டிய வேன் வந்தது, நின்றது, ஹாரன் அடித்தது, போய்விட்டது. ஆனாலும் அன்றைக்கே போய்த் தகட்டை எடுக்கவில்லை. இவ்வளவு வருடம் பொறுத்தாயிற்று, வருகிற தேர்தலுக்கு முன்னால் எப்படியும் ஆள் எடுப்பார்கள் என்று இஃப்ராவிடம் சொன்னாள். அப்படிச் சொல்லித் தேர்தல்கள் போயின. 'பஸ் டிபார்ட்மென்ட்டில் இருக்கிற பொண்ணோட அப்பா' என்றே கடைசிவரை தன்னைச் சொல்லிக்கொண்ட ஜான்சன், ஒரு புரட்டாசி மாதத்தில் இருமி இருமிச் செத்தார்.

கடைசியில் அறிவிப்பு வந்தது. தொழில்நுட்பப் பணியாளர்கள், மாவட்ட வாரியாக. ஜாஸ்மினின் பணிமனைக்கு எலக்ட்ரீஷியன் இடம் பூஜ்யம். வேறு ஊர்களில் இடம் இருந்தது. அவள் பிரிவுக்கு இருந்த வயது வரம்பை அவள் நாற்பத்தொரு நாள் தாண்டியிருந்தாள். இன்டர்நெட் சென்டரில் இருந்த ஜோதி என்ற பெண், கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளுமா என்று மூன்று தடவை தேதியைப் போட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் அது சிவப்பாகக் காட்டியது.

மறுநாள் ஜாஸ்மின் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுப் பணிமனைக்குப் போனாள். செக்யூரிட்டி மாறியிருந்தார். "என் நெழல் உள்ள இருக்குது, கூட்டிக்கினு போக வந்தேன்" என்றாள். அவர் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். அவள் ஒயரிங் செய்த வண்டி எப்போதோ இரும்புக்குப் போய்விட்டிருந்தது. வண்டியை வெட்டுவதற்கு முன்னால், தகட்டைச் சுவிட்சோடு சேர்த்துக் கழற்றி ஷெட் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள், தகட்டைக் கையால் தொடாமல். அதன்கீழே, சாயங்கால வெயிலில், நிழல் ஒரு வண்டியின் விளக்கை மாட்டிக்கொண்டிருந்தது. அதற்கு இன்னும் இருபத்திரண்டு வயதுதான். ரெட்டைச் சடை. ஒடிசலான இடுப்பு. பாட்டுப் பாடுவதுபோலத் தலையை ஆட்டி ஆட்டி வேலை செய்தது. தான் இப்படியா இருந்தோம் என்று ஜாஸ்மின் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

தகட்டை எடுத்தாள். நிழல் வேலையை நிறுத்தியது. ஷெட்டில் இருந்த எல்லோரும் நிறுத்தினார்கள். பணிமனையின் கிளை மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்து, அங்கேயே நின்றார்; விதி அவருக்கும் தெரியும். "வா, போலாம்" என்றாள் ஜாஸ்மின். நிழல் எழுந்து வந்து, சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாக அவள் காலடியில் படுத்தது. பொருந்தவில்லை. பதிமூன்று வருடம் மிஷினில் குனிந்து அவள் தோள் வளைந்திருந்தது, உடம்பு கனத்திருந்தது, முடி கொட்டிக் கொண்டை சிறுத்திருந்தது. அவள் ஓர் அடி வைத்தால் நிழல் இரண்டு அடி வைத்தது. நாலடி போவதற்குள் இரண்டு முறை அவளை முந்திக்கொண்டு போய் நின்றது. பிறகு திரும்பி, பாதியில் நிற்கிற விளக்கைப் பார்த்தது. அது ஐந்து நாற்பது பேரணாம்பட்டு வண்டி; வெளியே பிளாட்பாரத்தில் அதற்காக ஷூ கம்பெனிப் பெண்கள் நின்றிருந்தார்கள்.

"இது நானே இல்ல சார்" என்றாள் மேலாளரிடம். "வந்து இன்னா பண்ணப்போவுது. எனக்கு எதிர்லயே நின்னு என்னியே பாத்துக்கினு இருக்கும்."

தகட்டில் அவள் பெயர் இன்னும் அழியாமல் இருந்தது. அந்த ஆணியை விட்டால் அந்த வளாகத்தில், அந்த இலாகாவில், உலகத்திலேயே எலக்ட்ரீஷியன் ஜாஸ்மின் என்று எங்கேயும் இல்லை. சுவருக்குப் போய்த் தகட்டைத் தன் கையாலேயே திரும்ப மாட்டினாள். நிழல் துள்ளிக்கொண்டு வேலைக்கு ஓடியது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து நாற்பது வண்டி இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. ஜாஸ்மின் அதில்தான் ஏறி, டிக்கெட் எடுத்து, ஊருக்குப் போனாள். வழியெல்லாம் அழுதாள், பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னலை மூடிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

கிளை மேலாளர் அன்று பார்த்ததை மறக்கவில்லை. அடுத்த மார்ச்சில், வருடம் முடித்துப் போகிற அப்ரன்டிஸ்கள் ஒப்படைக்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் கடைசியாக ஒரு வரி சேர்ந்தது: சிவப்புத் தகட்டைச் சுவரில் மாட்டிவிட்டுச் செல்லவும். ஜாஸ்மின் அதைக் கேள்விப்பட்டு, அவர்களின் கடைசி நாளில் கேட் எதிரே வந்து நின்றாள். காலை டீ குடிக்க வெளியே வந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். வெயிலில் நின்று, நிழல் விழாத தன் காலடியையும் காட்டினாள். ஐந்து பேரில் நான்கு பேர் மாட்டினார்கள். மாட்டாத ஒருவன் திருப்பூருக்குப் போய்விட்டான். இந்த வருடம் ஐந்து பேர், ஐந்து பேரும் மாட்டினார்கள். நெமிலிப் பக்கத்திலிருந்து வந்த பூவரசன் என்பவன் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான், பொறுமையாக, மரியாதையாக.

"நீங்க சொல்றது புரியுதுக்கா. எங்க ஊட்ல இன்னா சொல்றது? பேராவது உள்ள இருக்கட்டும்."

அவன் உள்ளே போனான். கேக் வெட்டுகிற சத்தம் கேட்டது, கைதட்டல் கேட்டது. சாயங்காலம் ஐந்து பேரும் வெயிலில் நிழலில்லாமல் வந்து, அவளிடம் சொல்லிக்கொண்டு, கம்பெனிகளின் வேன் எங்கே நிற்கும் என்று விசாரித்தார்கள். ஜாஸ்மின் சொன்னாள். இப்போது அந்தச் சுவரில் பத்துத் தகடுகள் தொங்குகின்றன. வண்டிகள் நேரத்துக்குக் கிளம்புகின்றன, விளக்குகள் நன்றாக எரிகின்றன.