பால் தொட்டியில் பதினைந்து லிட்டர்

"பதினைஞ்சு லிட்டர் பீருக்கு நூத்தம்பது லிட்டர் தொட்டியா? பூனையைக் குளிப்பாட்ட நீச்சல் குளம் கேக்குதோ?"

"பூனையும் என்னுது, குளமும் என்னுது. உனக்கு எங்க வலிக்குது, ஷூர்?" என்றாள் ராக்னா.

எதிர் வீட்டுக் கூரி ஜன்னல் துடைக்கும் சாக்கில் ஒரே கண்ணாடியை மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. சர்ச் வரைக்கும் கேட்டிருக்கும்.

விஷயம் இதுதான். ராக்னாவின் கணவன் நில்ஸ், கோடையில் எங்கள் ஊர் வோஸுக்கு வந்த பல் டாக்டரம்மாவோடு வட நார்வேக்குப் போய்விட்டான். பண்ணையில் அவன் பங்கை ராக்னாவே வாங்கிக்கொண்டாள். அதோடு சேர்ந்து வந்தது கொட்டகையில் இருந்த எஃகுப் பால் தொட்டி. அந்த வீட்டுக் கிறிஸ்துமஸ் பீர் நுரைத்ததெல்லாம் அதில்தான். பக்கத்துப் பண்ணைக்காரன் ஷூர், நில்ஸின் அண்ணன். அவனுக்கு அந்தத் தொட்டி மேல் ரொம்ப நாளாகவே கண். எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸுக்குப் பீர் போடுகிற வீடுதான் வீடு. மற்றதெல்லாம் சும்மா விளக்கு எரிகிற கட்டடம்.

"அது எங்க அப்பா தொட்டி. குடும்பம் இருக்கிற வீட்டுக்குத்தான் அது. ஒத்த ஆளுக்கு எதுக்கு?"

"ஒத்த ஆளுதான். ஆளில்லாம போயிடலயே?"

"அடியில கொஞ்சூண்டு சாறு, மேல முழுக்கக் காத்து. சட்டுனு ஆறிப்போகும். ஈஸ்ட் சுருண்டு படுத்துக்கும். கெட்டுப்போச்சுன்னா?"

"கெட்டுப்போச்சுன்னா தூக்கிட்டுப் போ. நல்லா வந்துச்சுன்னா தொட்டிங்கிற பேச்சையே இனி எடுக்கக் கூடாது."

ஷூர் சொன்னதில் தப்பில்லை என்பது ராக்னாவுக்கும் தெரியும். சாற்றைப் புளிக்கவைக்கிற எங்கள் ஊர் ஈஸ்ட்டுக்குக் கதகதப்பு வேண்டும். பெரிய தொட்டியில் பெரிய அளவு ஊற்றினால் சாறு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும், கொஞ்சமாக ஊற்றினால் எஃகு எல்லாச் சூட்டையும் உறிஞ்சிவிடும். சாயங்காலமே கூரி ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்து நின்றாள்.

"ஏம்மா ராக்னா, இதுல போட்டா நிறைவா இருக்கும். எதுக்கு வீம்பு?"

"வாளியில போட்டா அவன் ஜெயிச்ச மாதிரி, கூரி."

மறுநாள் அவள் செய்த காரியத்தை இப்போது சொன்னாலும் வோஸில் சிரிப்பார்கள். குளியலறைக் கதவைக் கழற்றினாள், தொட்டியை உருட்டி உள்ளே கொண்டுபோனாள், தரைக்கடியில் ஓடும் மின்சூட்டை உச்சத்தில் வைத்தாள். ஜூனிபர் என்கிற ஊசியிலைச் செடியின் கிளை போட்டுக் காய்ச்சிய முளைகட்டிய பார்லிச் சாற்றை ஊற்றினாள். தன் மெத்தைப் போர்வையைத் தொட்டிக்குச் சுற்றி, நில்ஸ் விட்டுப்போன பனிக்கோட்டை அதன்மேல் மாட்டி, பொத்தானையும் போட்டாள். அந்தக் கோட்டு அவனுக்கு இவ்வளவு பொருத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை.

ஈஸ்ட் விடும்போது கத்த வேண்டும், அது வழக்கம். எவ்வளவு சத்தமோ அவ்வளவு வீரியம் என்பார்கள். ராக்னா தொட்டிக்குள் தலையை விட்டு, கோடையிலிருந்து சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் கத்தித் தீர்த்தாள். கூரி ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தாள்.

"யாரைக் கொல்ற?"

"யாரையும் இல்ல. மூடியைப் போட ஒரு கை குடு."

அப்புறம் மூடியைத் திறக்க ராக்னா யாரையும் விடவே இல்லை. நுரை கிளப்புகிற வாயு மேலே இருக்கிற காற்றைத் தானே வெளியே தள்ளிவிடும், ஆனால் யாரும் எட்டிப்பார்க்கக் கூடாது. எட்டிப்பார்க்காமல் இருக்க எங்கள் ஊரில் யாரால் முடியும்? ஷூர் ரம்பம் கேட்டு வந்தான், பிறகு அதே ரம்பத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தான். இரண்டு தடவையும் ராக்னா மூடிமேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். குளிக்கவும் மற்றதற்கும் கூரி வீட்டுக்குப் போய் வந்தாள். அவள் எத்தனை தடவை வந்தாள் என்று கூரி கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

இரண்டு நாளில் ஈஸ்ட் வேலையை முடித்தது. பீரை வடித்தெடுக்கிற அன்று யாரும் யாரையும் அழைப்பதில்லை, வாசம் வந்தால் வரவேண்டியதுதான். தெருவே வந்தது. ஷூர் முதல் ஆளாக வந்தான்.

முதல் கோப்பையை எல்லோரும் மோந்து பார்த்தார்கள். ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு வாசம், அதன் அடியில் ஜூனிபர். சர்ச் மணியக்காரர் மீசையைத் துடைத்துவிட்டுக் கோப்பையை மறுபடி நீட்டினார். பிறகு எல்லாக் கோப்பைகளும் நீண்டன. காபி வைப்பதற்குள் பதினைந்து லிட்டரும் காலி.

ஷூர் அதற்காகவே காத்திருந்தான். "தீர்ந்துபோச்சா? ஊரைக் கூட்டி வெச்சு இதான் உபசாரமா? எங்க வீட்டுல ஒருநாளும் தீர்ந்ததில்ல."

"தெரியும்," என்றாள் ராக்னா. "உங்க வீட்டுப் பீர் ஈஸ்டர் வரைக்கும் அப்படியே இருக்கும். ஏன் இருக்குதுன்னு ஒருநாளாவது யோசிச்சியா, ஷூர்?"

மணியக்காரருக்குப் புரையேறிவிட்டது. ஷூரின் சொந்த மனைவியே சுவர்ப் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தாள். "கெட்டுப்போயிருக்கான்னு நீயே சொல்லு," என்று ராக்னா அவன் கோப்பையைக் காட்டினாள். அதில் சொட்டுக்கூட இல்லை. ஷூர் கோட்டை மாட்டிக்கொண்டு, "கெட்டுப்போகல," என்று கதவிடம் சொல்லிவிட்டுப் போனான். தொட்டிப் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை.

அடுத்த ஜூனில் அவன் மகள் ஓஷில்ட், பெர்கன் நகரத்துப் படகு மெக்கானிக் ஒருவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டாள். கல்யாணப் பீர் ராக்னா சித்தி வீட்டுப் பீராகத்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பீர்ப் பெட்டிகளைக் காரில் ஏற்றியது ஷூர்தான். பல் டாக்டரம்மா நில்ஸை விட்டுவிட்டு ஒரு விமானியைக் கட்டிக்கொண்டாள். கூரி வீட்டை விற்றுவிட்டு ஸ்பெயினுக்குப் போய்விட்டாள். அங்கே வெயில் நன்றாகத்தான் இருக்கிறதாம், எதிர் வீட்டில் மட்டும் ஒன்றுமே நடப்பதில்லையாம்.