ஆகஸ்ட் 3, 2024 அன்று

மூன்றாம் வகுப்புக்குக் காற்புள்ளி சொல்லிக்கொடுக்க வேண்டிய வாரத்தில் தென்காசியில் சாரல் பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்தினால் வகுப்பு இருண்டுவிடும். திறந்து வைத்தால் ஜன்னலோரப் பிள்ளைகளின் நோட்டெல்லாம் நமுத்துப்போகும். ஒரு கதவை மட்டும் சாத்தி வைத்துப் பாடம் நடத்தினேன்.

நான் அந்தப் பள்ளிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. என் கணவர் ஞானதுரை வாசுதேவநல்லூரில் இரும்புக் கடை வைத்திருந்தார். முந்தைய நவம்பரில் ஒரு காலை, கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. கடையை அவருடைய அண்ணன் எடுத்து நடத்தினார். எனக்குக் கல்யாணத்துக்கு முன் முடித்த ஆசிரியர் பயிற்சி இருந்தது. மகள் ஜெனியைக் கூட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்துவிட்டேன். சின்னப் பள்ளி, மூன்றாம் வகுப்பில் ஒரே பிரிவு. அதனால் ஜெனி என் வகுப்பில்தான் இருந்தாள். கேட் வரைக்கும் நான் அம்மா. உள்ளே நுழைந்துவிட்டால் மிஸ்.

அடக்கம் முடிந்த நாளிலிருந்து அவள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் பேச்செடுத்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பாள். தாகமே இல்லாமல் அவள் குடிக்கும் அந்தத் தண்ணீரைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். இப்படியே அவள் அவரை உள்ளுக்குள் புதைத்துவிடுவாளோ, பெரியவளாகும்போது அவளிடம் அப்பா என்று ஒன்றுமே மிஞ்சாதோ என்றிருந்தது.

பாடப்புத்தகம் காற்புள்ளி என்கிறது. பிள்ளைகளுக்கு அது கமா. முதல் நாள் குற்றாலத்துப் பழக்கடையை வகுப்புக்குள் கொண்டுவந்தேன். ஒருவன் ரம்புட்டான், ஒருத்தி மங்குஸ்தான், அடுத்தவன் பலா, அதற்கடுத்தவள் நாவல். வரிசையாக நிற்கும் பழங்களுக்கு நடுவில் ஒவ்வொரு பிள்ளையாகக் குந்தி உட்கார வேண்டும். உட்கார்ந்திருப்பது கமா. கடைசிப் பழத்துக்குப் பின்னால் யாரும் உட்காரக் கூடாது என்று சொல்லியிருந்தேன். ஜெபசிங் உட்கார்ந்திருந்தான்.

"ஏலே, நீ எதுக்குலே அங்கன இருக்க?"

"இன்னும் பழம் வரும்லா மிஸ்."

"வராது. கடைசிப் பழம் வந்தாச்சு. எந்தி."

"கடைக்காரன் ஒளிச்சு வச்சிருப்பான் மிஸ். ஐந்தருவில எங்க அப்பாகிட்ட அப்படித்தான் செஞ்சான். நல்ல பழத்தையெல்லாம் அடியில வச்சிட்டு அழுகுனத குடுத்துட்டான்."

வகுப்பே சிரித்தது. ஜெனியும் சிரித்தாள். அவள் பலாவுக்கும் நாவலுக்கும் நடுவே கமாவாக உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் தேதி. மாதம், நாள், அதற்குப் பிறகு ஒரு கமா, பிறகு ஆண்டு. இதை எப்படி மனத்தில் பதிய வைப்பது என்று முந்தின நாளே யோசித்திருந்தேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் வளைகுடா நாடுகளில் இருந்தார்கள். பிறந்தநாள் மறந்தாலும் அப்பா லீவில் வரும் தேதி அந்தப் பிள்ளைகளுக்கு மறக்காது. என்ன கொண்டுவருவார் என்பது அதைவிட மறக்காது. தேதியும் வந்துவிடும், வரிசையும் வந்துவிடும். நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"உங்க வீட்ல யாரு வரப்போறா? எந்தத் தேதி? என்ன கொண்டு வருவாங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க, நான் போர்டுல எழுதுதேன். கமா எங்க வருதுன்னு நீங்க சொல்லணும்."

சஃப்ரின் முதலில் எழுந்தாள். ஜெனிக்குப் பக்கத்தில் உட்காருகிறவள், அவளுடைய ஒரே தோழி.

"எங்க வாப்பா ஜூலை 12, 2024 அன்று வருவாங்க. டார்ச், சாக்லேட், கம்பளி, கோடாலித் தைலம் கொண்டு வருவாங்க."

"கோடாலித் தைலம் ஒனக்காட்டி?" என்றான் ஜெபசிங்.

"எங்க உம்மாக்குலே. முட்டு வலி."

கமாக்களைச் சரியாகச் சொன்னாள். கை தட்டச் சொன்னேன். உட்காரப் போனவள் மறுபடி நிமிர்ந்தாள்.

"மிஸ், ஜெனிய கேளுங்க மிஸ். அவ அப்பாவும் வருதாங்கல்லா. மஸ்கட்ல இருந்து."

என் கையில் சாக்பீஸ் இருந்தது. போர்டைப் பார்த்தபடி நின்றவள் திரும்பினேன். ஜெனி எழுந்து நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, டெஸ்க்கைப் பார்த்தாள். பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

"என் அப்பா ஆகஸ்ட் 3, 2024 அன்று மஸ்கட்டிலிருந்து வருவார்."

வகுப்பு காத்திருந்தது. நானும் ஏதாவது சொல்ல வேண்டும்.

"கமா எங்க வரும்?"

"மூணுக்கு அப்புறம் மிஸ்."

"என்ன கொண்டு வருவாங்கன்னு சொல்லலையே," என்றான் ஜெபசிங்.

"கலர் பென்சில், ரிமோட் கார், அம்மாவுக்கு ஒரு வாட்ச்."

அதை அப்படியே போர்டில் எழுதினேன். மணி அடித்ததும் நானே துடைத்தேன்.

மஸ்கட் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் கடையில் வியாபாரம் படுத்தபோது ஞானதுரை பாஸ்போர்ட் எடுத்தார். அவருடைய சித்தி மகன் ஒருவர் மஸ்கட்டில் விசா பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். மாதக்கணக்கில் வீட்டில் அதே பேச்சு. விசா வரவில்லை. அவர் வாசுதேவநல்லூரைத் தாண்டாமலே போய்ச் சேர்ந்தார்.

சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுக் கேட்டேன்.

"எப்ப இருந்து இப்படிச் சொல்லுத?"

"மொத நாள்ல இருந்து."

"ஏன்மா?"

"ஒங்க அப்பா எங்கன்னு சஃப்ரின் கேட்டா. ஊர்ல இல்லன்னு சொன்னேன். துபாயா சவுதியான்னு கேட்டா. மஸ்கட்டுன்னு சொன்னேன்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்கல."

"ஆகஸ்ட் மூணு வந்தா என்ன செய்வ?"

"லீவு கெடைக்கலன்னு சொல்லுவேன். எல்லா அப்பாவுக்கும் ஒருக்கா லீவு கெடைக்காம போகும்லா."

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள்.

அந்த ஊரில் அது எவ்வளவு பத்திரமான பொய் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அப்பா கண்ணில் படாத வீடு அங்கே அதிசயம் இல்லை. ஆனால் அதே ஊருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. விமானம் ஏறுகிறவர் யாரும் தன் பெட்டியைத் தனக்காக மட்டும் கட்டுவதில்லை. பாதிப் பெட்டியில் மற்ற வீடுகளின் கருப்பட்டியும் மிளகாய்ப்பொடியும் மருந்தும் போகும். இடம் கிடைப்பது பெரிய காரியம். தானாகக் கூப்பிட்டு இடம் தந்தால், நம்மைத் தங்கள் மனிதர்களாக நினைக்கிறார்கள் என்று பொருள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து சேலையைக்கூட மாற்றவில்லை, சஃப்ரினின் அம்மா ஷமீம் பானு படியேறி வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். முட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார்.

"சஃப்ரின மதரசாவுல ஓத விட்டுட்டு அப்படியே வாரேன் டீச்சர். எங்க தம்பி ரிஃபாத் புதன்கெழமை மஸ்கட் போகுதான். ஜெனி அப்பாவுக்கு ஏதாவது குடுத்துவிடணும்னா குடுங்க. பெட்டியில எடம் வைக்கச் சொல்லிருக்கேன். எம் மக ரெண்டு நாளா அவன் உசுர வாங்குதா, ஜெனி அப்பாக்கு எடம் வையி, எடம் வையின்னு."

மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிளாஸ்டிக் தாளை எண்ணெய் கசியாமல் பல சுற்றுச் சுற்றியிருந்தார்.

"இது நம்ம வீட்டு நாரத்தங்கா ஊறுகா. அங்கன தனியாப் பொங்கித் தின்னுத மனுசருக்கு இது இருந்தா ஒரு வாய் சோறு எறங்கும். அவரு நம்பர மட்டும் குடுங்க. ரிஃபாத் எறங்குனதும் கூப்பிடுவான்."

ஜெனி அடுக்களை வாசலில் நின்றாள். 'நேத்துதான் வேற ஒருத்தர்கிட்ட குடுத்துவிட்டேன்க்கா' என்று ஒரு பதில் என் நாக்கு நுனிக்கு வந்தது. அதைச் சொன்னால் அன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் அந்தப் பொட்டலத்தை என்ன செய்வது? இல்லாத மனிதருக்குச் சோறு இறங்க வேண்டும் என்று ஒருவர் நார்த்தங்காய் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்.

"அக்கா, அவரு இல்லக்கா. போன நவம்பர்ல தவறிட்டாரு. பிள்ளதான் அப்படிச் சொல்லியிருக்கு."

ஷமீம் பானு வாயில் கையை வைத்தார். உள்ளே செம்பு உருளும் சத்தம் கேட்டது. ஜெனி தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "எங்க வீட்டுக்காரரு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வாராரு," என்றார். "சஃப்ரின் மொத தடவ அவங்க வாப்பாவப் பாத்தப்போ கதவுக்குப் பின்னால போயி ஒளிஞ்சா. சின்னப் புள்ளைக்கு ரெண்டும் என்ன வித்தியாசம் டீச்சர்? கண்ணுல காணல. அவ்வளவுதான்."

ஜெனியைக் கூப்பிட்டார். அவள் வந்து தள்ளியே நின்றாள்.

"ஏட்டி, நான் சஃப்ரின்கிட்ட வாயத் தொறக்க மாட்டேன். அது ஒம் பாடு, அவ பாடு. சரியா? அவங்க வாப்பா வெள்ளிக்கெழம வாராங்க. அடுத்த ஞாயிறு எல்லாரும் ஐந்தருவிக்குப் போறோம். நீயும் ஒங்க அம்மாவும் வரணும்."

ஊறுகாயை அவர் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை.

அந்த வாரம் முழுக்க ஜெனி சஃப்ரினிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். சஃப்ரின் மனத்தில் எதையும் வைத்துக்கொள்ளும் பிள்ளை அல்ல.

ஞாயிறு மத்தியானம் வேன் வந்தது. முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். பின்னால் ஷமீம் பானு, அவர் கணவர் மன்சூர், பிள்ளைகள். மன்சூர் சவுதியில், தம்மாமில் பன்னிரண்டு மணி நேர வேலை பார்த்து மெலிந்த மனிதர். இரண்டு நாளாக மகள் அவரை விட்டு இறங்கவேயில்லை போலிருக்கிறது. வேனிலும் மடியில்தான் இருந்தாள். ஜெனி ஜன்னலோரம் ஒடுங்கியிருந்தாள்.

"வாப்பா, ஜெனி அப்பா மஸ்கட்ல இருக்காங்க. நீங்க பாத்திருக்கீங்களா?"

நான் கண்ணாடியில் பார்த்தேன். மன்சூர் மனைவியைப் பார்த்தார். அவரிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"மஸ்கட் தூரம்லா மக்கா. நான் இருக்கது தம்மாம்." தொண்டையைச் செருமினார். "நல்ல ஊருன்னு சொல்லுவாங்க."

சொல்லிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினார். ஜெனி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்காகப் பெரிய மனிதர் ஒருவர் பொய் சொல்வதை அவள் கண்டுகொண்டாள் என்று நினைக்கிறேன். அதன் பிறகு ஐந்தருவி வரும்வரை அவள் தலையைத் தூக்கவில்லை.

மன்சூர் ஆண்கள் பக்கம் போனார். நாங்கள் பெண்கள் பக்கம் வரிசையில் நின்று நகர்ந்தோம். தண்ணீர் நிறைய விழுந்தது. பாறையைப் பிடித்தபடி பிள்ளைகளை ஓரமாக நிறுத்தினோம். ஜெனி திடீரென்று சஃப்ரினின் தலையை இழுத்து அவள் காதில் ஏதோ சொன்னாள். அருவிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. சஃப்ரினுக்கும் கேட்கவில்லை.

"என்னது?"

ஜெனி மறுபடி சொன்னாள்.

"என்னதுட்டி? சத்தமாச் சொல்லு!"

ஜெனி தலையை நிமிர்த்தி, விழுகிற தண்ணீருக்கு மேலாகக் கத்தினாள்.

"எங்க அப்பா செத்துப் போய்ட்டாங்க!"

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி தலைமுடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"எப்ப?" என்று சஃப்ரினும் கத்தினாள்.

"போன வருசம்!"

ஷமீம் பானு இருவரையும் சேர்த்துப் பிடித்து வெளியே இழுத்தார்.

திரும்பும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பல் கிட்டிக்க, துண்டுக்குள் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். சஃப்ரின் மூக்கை உறிஞ்சினாள். கோபம்.

"அப்ப எதுக்குட்டி மஸ்கட்டுன்னு சொன்ன? நான் எங்க மாமாகிட்ட அழுது எடம் கேட்டேன். எங்கூட பேசாத."

எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்க்கவில்லை. வேன் குற்றாலத்துக் கடைகளைத் தாண்டியது. கொஞ்ச தூரம் போன பிறகு சஃப்ரினின் குரல் கேட்டது.

"அவங்க என்ன வேல பாத்தாங்க? நெசமாச் சொல்லு."

"இரும்புக் கடை."

"பொய்."

"நெசமாட்டி. எங்க அம்மாட்ட கேளு. ஆணி, கம்பி, பெயிண்ட், தாப்பாள் எல்லாம் இருக்கும். பெரிய தராசு இருக்கும். என்னையத் தூக்கி அதுல நிப்பாட்டிட்டு, இந்தச் சரக்கு எங்க கடைச் சரக்கு இல்ல, யாரோ விட்டுட்டுப் போய்ட்டாங்கன்னு வந்தவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாங்க."

சஃப்ரின் சிரித்துவிட்டாள். சிரித்ததை மறைக்க இருமினாள்.

"பெறகு?"

"பெறகு, கையெல்லாம் துரு. சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கையோட எனக்குச் சட பின்னிவிடுவாங்க. கோணையா இருக்கும். நான் ஸ்கூல்ல போயி அவுத்துட்டு அக்காமார்கிட்ட மறுபடி பின்னிக்கிடுவேன்."

கோணல் சடை எனக்கு ஞாபகம் இருந்தது. அவள் பள்ளியில் போய் அவிழ்த்ததை நான் அறிந்ததில்லை.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சாயங்காலம் பாத்துட்டு, பாத்தியா, இன்னிக்கு நல்லாப் பின்னிட்டேன்னு சொல்லுவாங்க."

மேலகரம் வந்துவிட்டது. தென்காசி பக்கத்தில்தான். ஜெனி நிறுத்தவில்லை. மன்சூர் முன்னால் குனிந்து டிரைவரின் தோளைத் தொட்டார்.

"மெதுவாப் போங்க அண்ணாச்சி," என்றார். "நமக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."